அவர் பிரெஞ்சில் சொன்னது

தொலைபேசியின் வயர் கட்டில்வரை எட்டவில்லை. றோஸ்மலர் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் நகர்ந்தது. ரிசீவரைக் கணவனின் வாயருகே வைத்துவிட்டுக் கத்தினாள்.

"தம்பி, வடிவாய்க் கேள். என்ன சொல்லுறார்?"

மறுமுனையில் தம்பி றெஜினோல்ட். பாரிஸில் உணவகக் குசினி ஒன்றில் வேலை.

லூர்துநாதன் இரண்டு நாளாகத் தமிழ் பேசவில்லை. ஈரலில் தொடங்கிய புற்று மூளைக்கு ஏறியிருந்தது. இனி வீட்டில் வைத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வாயில் பிரெஞ்சு மட்டும் வந்தது. அவளுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. போவதற்குமுன் தனக்கென்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அதை இந்தப் பேச்சுக்குள் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டாரோ என்று பயமாயிருந்தது.

முழந்தாளிட்டிருந்த பக்கத்து வீட்டுப் பியற்றிஸ் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் காரைக்கால் வேதக்காரர், பிரெஞ்சில் செபிக்கிறார். இது புனிதர்களின் பிரார்த்தனை. அவர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் மறுமொழியாக "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள்.

லூர்துநாதன் காரைக்காலில் பிறந்து பிரான்சின் மார்செய் நகரில் வளர்ந்தவர். தகப்பன் பிரெஞ்சு இராணுவம். அங்கே ரேஸ் கார் ஓட்டிக் கிண்ணங்கள் வென்றார். எண்பத்து மூன்றில் ஃபார்முலா த்ரீ பந்தயம் ஓட்ட இங்கிலாந்து வந்தார். படம் எடுக்க வந்தவர்கள் அவரை மெக்கானிக் என்று நினைத்து விலகி நிற்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் பந்தயம் ஒன்றில் கார் நேரே தடுப்புச் சுவரில் போய் அடித்தது. இடுப்பு நொறுங்கியது. விளம்பரம் கொடுத்த கம்பெனி வேறு ஆளைப் பிடித்தது. பிறகு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் மினிகாப், வாடகைக் கார் ஓட்டம். அகதி விண்ணப்பத்துக்காக றோஸ்மலரைக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்கு ஏற்றிப்போன அன்று, "நான் பிரெஞ்சுக்காரன்" என்றார். "அப்ப நான் இங்கிலாந்து ராணி" என்றாள் அவள். அந்த விபத்தைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

"அக்கா, நம்பர் சொல்லுறார்," என்றான் றெஜினோல்ட். "அஞ்சு, நாலு, மூண்டு."

"நம்பரோ?"

"கியர் போலக் கிடக்கு. இடையில வளைவுகளின்ர பேர். அத்தான் ரேஸ் ஓடுறார்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றாள் பியற்றிஸ்.

"ஆரக்கா அது, வளைவுக்குச் செபிக்கிறது?"

"வாயை மூடு. என்ர பேர் வருதோ?"



"ஓம் அக்கா. உங்களைத்தான் கூப்பிடுறார்."

"பொய் சொல்லாதை. என்ர பேர் எனக்கு விளங்காதோ?"

லூர்துநாதனின் குரல் உயர்ந்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கண்கள் அவளைத் தாண்டி முன்னால் எதையோ பார்த்தன.

"இப்ப என்னடா?"

"பிறேக் பிடிக்கேல்லையாம்."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை அக்கா. அதைத்தான் சொல்லுறார்."

பியற்றிஸின் செபம் நின்றது.

போர்வையின் கீழ் அவருடைய வலது கால் உதைத்துக்கொண்டிருந்தது. கால்மாட்டில் பலகை இல்லாத கட்டில். பாதம் வெறுமையை மிதித்து மிதித்து மீண்டது.

றோஸ்மலர் ரிசீவரைத் தலையணையில் போட்டாள். கால்மாட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் கொடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் அந்தப் பாதத்தில் வைத்தாள். அவர் மிதித்தார். இவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. முழங்கைகள் மடங்கப் பார்த்தன. விடவில்லை.

மிதி மெல்ல இளகியது. குரல் இறங்கியது. பிறகு இரண்டும் நின்றன.

"அக்கா?" தலையணையிலிருந்து றெஜினோல்ட் கேட்டான். "அத்தான் இப்ப என்ன சொல்லுறார்? கேக்கேல்லை."

பியற்றிஸ் வந்து தோளைத் தொட்டாள். "காணும் பிள்ளை, போதும். கையை எடு."

அவள் இன்னும் அழுத்திப் பிடித்தபடி இருந்தாள்.