ஜெராக்ஸ் எறிந்த பந்து

1

ஒரு மாபெரும் விளையாட்டு வீரர் களத்தை விட்டு இறங்கும்போது, காலமே ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொள்கிறது.

அடக்கிக்கொண்டதாகத் தகவல் இல்லை. அவர் இறங்கிய அன்று லாக்கர் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தார். மேலே உள்ள வாக்கியத்தை அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குப் பட்ட பாட்டை நினைத்து விட்டுவைத்திருக்கிறேன்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிற்பகல், கூரையில்லாத பஸ் நிறுத்தம். பக்கத்தில் மிக உயரமான ஒருவர் நின்றிருந்தார். நான் அவர் நிழலில் ஒதுங்கினேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். அவர் திரும்பி, "வசதியா இருக்கா?" என்றார். பேச ஆரம்பித்தோம். அவ்வளவுதான். (பேட்டி எடுக்க வந்தால் தரிசனம், உள்ளொளி என்றெல்லாம் சொல்வேன். நம்பவேண்டாம்.)

2

அவர் கூடைப்பந்து வீரர். சம்பளம் வாங்கி ஆடியவர். அரங்கம் ஆர்ப்பரிக்க, மின்னலெனப் பாய்ந்து, எதிரணியின் அரணைத் தகர்த்து...

இல்லை. பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய வேலையெல்லாம் பயிற்சியில்தான். அடுத்த ஆட்டம் எந்த அணியோடோ, அந்த அணியின் நட்சத்திரத்தை வீடியோவில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்யவேண்டும். பயிற்சிக் களத்தில் அப்படியே ஆடிக் காட்டவேண்டும். மற்றவர்கள் அவரை மடக்கிப் பழகுவார்கள். நன்றாகப் பழகிவிட்டால் நிஜ ஆட்டத்தில் நிஜ நட்சத்திரம் திணறிப்போவான். அன்றைக்கு அவர் துண்டும் கையுமாக பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவார். ஆக, வாரம் முழுக்கத் தோற்றுக் கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். அணியில் அவருக்கு ஜெராக்ஸ் என்று பெயர்.

(இந்த இடத்தில், 'நாம் எல்லோருமே யாரோ ஒருவரின் நகல்தானே?' என்று ஒரு பத்தி இருந்தது. மறுபடி படித்தேன். எடுத்துவிட்டேன். நீங்கள் தப்பித்தீர்கள்.)

3

முதல் வரைவில் அவர் மனைவி கண்கலங்கியபடி வாசலில் நின்றார். அந்த அம்மாவுக்கு நிற்க நேரமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

எல்லா ஆட்டத்துக்கும் மனைவி போயிருக்கிறார். ஜெயிப்பது உறுதியான ஆட்டங்களில், போனால் போகட்டும் என்று கடைசி நிமிடத்தில் ஜெராக்ஸை இறக்குவார்கள். அந்த நிமிடத்தில்தான் மனைவி அரங்கில் இருக்கமாட்டார். கூட்டம் கிளம்பி வழியடைக்கும் முன்னால் வண்டியை வெளியே எடுக்கப் போயிருப்பார். ஸ்டீரிங்கில் கை வைத்தபடி, உள்ளே எழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். கணவர் களத்தில் ஆடி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு, பழைய வீரர்களை வைத்து ஓர் ஆட்டம் ஏற்பாடானது. ஞாயிற்றுக்கிழமை.

"இந்தத் தடவை வண்டி வேணாம், டாக்ஸியில வந்துக்கலாம்," என்றார் மனைவி. "நீங்க ஆடறதை நான் பாக்கணும்."

"பாரேன். யாரு வேணாங்கறது?"

"நீங்களா ஆடணும். இன்னொருத்தர் மாதிரி இல்லாம."

அவர் சிரித்தார். அது யாருடைய சிரிப்பு என்று அவருக்கே சந்தேகம் வந்தது. (வந்ததாக எழுதிவிட்டேன். அவரைக் கேட்கவில்லை.)

4

எறிந்து பழக, அவர் துணிக்கூடையை அலமாரி மேல் ஏற்றிவைத்தார். காலுறைகளைச் சுருட்டினார். எறிந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே, "இது அந்த இடதுகைக்காரர்," என்றார்.

அடுத்தது.

"இவர் போடறதுக்கு முன்னால மூக்கைத் தொடுவாரே, அவரு."

"நான் மூக்கைத் தொடவே இல்லையே."

"தொடப் போனீங்க."

சாப்பாட்டு மேஜையில் கணவரோடு உட்கார்ந்து அத்தனை வீடியோவையும் பார்த்த கண்கள் அவை. ஏமாற்ற முடியாது. சாயங்காலம் வரை காலுறைகள் பறந்தன. வந்தவர்கள் எல்லோரும் வேறு யாரோ.

"அப்ப நான் எப்படித்தான்மா போடுவேன்?"

"என்னைக் கேட்டா? நான் பார்க்கிங்லதானே இருந்தேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தன்னைக் கண்டுபிடித்தாக வேண்டும். வீடியோ கிடையாது.

5

[கனவுக் காட்சி. விமர்சகர்கள் விரும்புவார்கள்.]

மறுநாள் பகல் தூக்கத்தில் அவர் ஓர் அரங்கில் நின்றார். மெருகேற்றிய மரத்தரை தண்ணீர் மாதிரி கிடந்தது. விளக்குகள் அதன் அடியில் எரிந்தன. அவர் பாதத்தோடு பாதம் ஒட்டி, தலைகீழாக இன்னொருவர் நின்றார். பந்து வந்தது, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து. எப்படி எறிவது என்று பார்க்க அவர் கீழே குனிந்தார். கீழே இருந்தவரும் அதற்காகவே இவரை அண்ணாந்து பார்த்தார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பந்தும் அவசரப்படவில்லை.

எழுந்ததும் மனைவியிடம் சொன்னார்.

"ரெண்டு பேர்ல யாருமே போடலையா?"

"இல்ல."

"கனவுலயும் பெஞ்சுதானா?"

6

ஞாயிற்றுக்கிழமை. எதிரணிக்காரர் இடித்ததில் அவருக்கு ஓர் இலவச எறிதல், யாரும் மறிக்காமல் எறியும் வாய்ப்பு, கிடைத்தது. கோட்டில் தனியாக நின்றார். இடதுகைக்காரர் அவர் தோளுக்கு வந்தார். மூக்கைத் தொடுகிறவர் விரலுக்கு வந்தார். ஒவ்வொருவராக வந்து, மூச்சு வாங்கும் இந்தக் கிழ உடம்பைப் பார்த்து, நமக்கு ஒத்துவராது என்று போய்விட்டார்கள். இன்னொருவராக இருக்கவும் தெம்பு வேண்டியிருக்கிறது. அவருக்கு அது தீர்ந்துபோயிருந்தது. எறிந்தார்.

மேலே இருக்கையில் மனைவி அடையாளம் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக, "இது யாருன்னு எனக்குத் தெரியலையே," என்றார்.

பந்து விழுந்தால் மாலை மரியாதை, நினைவுப் பரிசு, என் முதல் வாக்கியத்துக்கு மறுவாழ்வு. விழாமல் போனால் உன்னத இலக்கியம். தடித்த கண்ணாடிக்காரர்கள் இரண்டு பக்கம் எழுதுவார்கள். இரண்டையும் தயாராக வைத்திருந்தேன்.

பந்து வளையத்துக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது.

சத்தியமாக நான் வைக்கவில்லை. கூடைப்பந்தில் இப்படி ஆவது உண்டு. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். தரை துடைக்கும் நீளக் கட்டை ஒன்று சுவரோரம் இருக்கிறது. அதை உங்கள் கையில் தருகிறேன். அடியில் தட்டினால் உள்ளேயும் விழும், வெளியேயும் விழும். மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறார், ஞாபகம் இருக்கட்டும்.

உங்களுக்கு முன்னால் எறிந்தவரே எம்பிப் பார்த்தார். எட்டவில்லை.