இரட்டையருக்கு ஒரே சட்டி

ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து வீலென்று ஓர் அலறல். வராந்தாவில் காத்திருந்த தாய்மார்கள் எழுந்தே விட்டார்கள்.

அலறியது நோயாளி இல்லை. நோயாளி கெஹிண்டே, பத்து வயதுப் பெண், காலாட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அலறியவன் அவளோடு பிறந்த இரட்டை, தைவோ.

"கிட்னி கெட்டவ சும்மா இருக்கா. கல்லு மாதிரி இருக்கிறவன் ஊரைக் கூட்டுறான்," என்றார் நர்ஸ் ஃபதேக்கே.

"நான்தானே மூத்தவ," என்றாள் கெஹிண்டே.

நைஜீரியாவின் இபாதானில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அந்த ஊர் நம்பிக்கைப்படி, உலகத்தை ருசி பார்த்துச் சொல்லும்படி தைவோவை முதலில் அனுப்பிவிட்டு, அவன் குரல் கேட்டபின் பிறப்பவள் கெஹிண்டே. அனுப்பியவள்தான் மூத்தவள்.

டாக்டர் மோரெனிக்கேயின் ஆய்வுக்கு இருவர் ரத்தமும் வேண்டும். உடம்பில் துருப்போல ஏறும் சேதத்தை அடக்க ரத்தத்தில் சில நொதிகள் உண்டு. சிறுநீரகம் பழுதான பிள்ளைகளுக்கு வயிறு பெருத்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஏறினால் அந்த நொதிகள் என்ன ஆகின்றன? நோயில்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

மூன்று மாதம் முன்பு பார்த்தபோது கெஹிண்டேவுக்கு எல்லாமே ஏறியிருந்தது. இன்றும் இறங்காவிட்டால் இன்னொரு மாத்திரை. ஏற்கெனவே கை நிறைய விழுங்குகிறாள். அம்மா சிதிகாத் சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

டாக்டர் இடுப்பில் நாடாவைச் சுற்றினார். அழுத்தம் பார்த்தார். போன வாரப் பரிசோதனை முடிவைப் புரட்டினார்.

"எல்லாம் இறங்கியிருக்கு, இயா இபேஜி. புது மாத்திரை வேண்டாம். உப்பு, எண்ணெய், இனிப்பு இல்லாத பத்தியச் சாப்பாட்டைப் பிள்ளைங்க தட்டோட வீசுமே, எப்படிச் சமாளிச்சீங்க?"

இரட்டையரின் தாய் என்ற அந்தப் பட்டத்தைக் கேட்டதும் சிதிகாத் தலைத்துணியை நிமிர்த்திக்கொண்டாள். "இரட்டைப் பிள்ளைக்கு ஒரே சட்டிதான் டாக்டரம்மா. ஒருத்திக்கு உப்பில்லன்னா ரெண்டு பேருக்கும் இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பத்தியம் இருக்கிறவனை எப்படி நான் ஒப்பிட வச்சுக்கிறது? இவன் ஆகமாட்டானே."

"அப்ப என் ரத்தத்தைத் திருப்பிக் குடுங்க," என்றான் தைவோ.

ஆய்வில் ஓர் ஆள் குறைந்த வருத்தம் டாக்டர் முகத்தில் நிற்கவில்லை. அவனையே பெருமையாகப் பார்த்தார்.

"தினமும் இவன்தான் முதல் வாய்," என்றாள் கெஹிண்டே. "நல்லாருக்குன்னு இவன் சொன்னாதான் நான் சாப்பிடுவேன்."

சொல்லிவிட்டு அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். தைவோ அவள் போகும்வரை பொறுத்திருந்து, டாக்டரின் காதருகே நெருங்கினான்.

"நல்லாவே இல்ல டாக்டரம்மா. அவகிட்ட சொல்லிடாதீங்க."