மருமகனாக இருபத்தெட்டு வருடம்

பகவதியப்பன் செய்த முதல் தப்பு, தன் அப்பாவுக்கு மகனாகப் பிறந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி ஒருவன் தேடிய சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது. அவன் சகோதரி பெற்ற மருமகனுக்குப் போகும். அப்பா நல்ல நஞ்சை வயலையும் இரணியலில் ஒரு கருப்பட்டிக் கடையையும் வைத்துவிட்டுச் செத்தார். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்த மறுநாள் அவருடைய மருமகன் வில்வண்டியில் வந்து இறங்கி, மாமி எப்போது புறப்படுவதாக உத்தேசம் என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். வண்டியைக்கூட அவரே கொடுத்தார்.

பகவதியப்பனின் அம்மா அழவில்லை. அநியாயம் எதுவும் நடந்துவிடவில்லையே. அவளுக்கும் வடசேரிக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன் இருந்தார். பன்னிரண்டு வயது மகனையும் கைக்குழந்தையான மகளையும் ஒரு செம்புப் பானையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மகனாக இழந்ததை மருமகனாக எடுத்துக்கொள்ளலாம் என்பது ஊர் ஏற்பாடு. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் முத்துநாயகம் பிள்ளைக்கு ஆறு கோட்டை நெல் விதைக்கிற வயலும் வடசேரிச் சந்தையில் வாழைக்குலைக் கடையும் இருந்தன. இரண்டும் அவர் சொந்தச் சம்பாத்தியம். பகவதியப்பன் வந்த பிறகு அவர் இன்னும் அதிகமாகச் சம்பாதித்தார். பகவதியப்பன் விடியுமுன் வயலுக்குப் போய் மடை பார்ப்பான். வெயில் ஏறும்போது கடைக்கு வந்து குலைகளைத் தட்டிப் பார்த்து மட்டி எது, பேயன் எது, எது நாளைக்குப் பழுக்கும் என்று பிரிப்பான். வாரம் ஒருமுறை வண்டி கட்டிக் களியக்காவிளைச் சந்தைக்குப் போவான். மாமா கல்லாவில் உட்கார்ந்து சம்பாதிப்பார்.

மாமாவுக்கு ஒரு மகனும் உண்டு, பொன்னுலிங்கம். அவனுக்கு எதுவும் வரப்போவதில்லை என்பதால் அவனைப் படிக்கவைத்தார்கள். மருமகனுக்கு எல்லாமே வரப்போவதால் அவனுக்குப் படிப்பு எதற்கு என்று நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள்.

இப்படி இருபத்தொரு வருடம் போயிற்று. பகவதியப்பனுக்குச் சண்முகவடிவோடு கல்யாணம் ஆகி இரண்டு ஆண்பிள்ளைகளும் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் அவனைக் கெடுத்தார்கள். ஒருநாள் மூத்தவன் வரப்பில் தடுக்கி விழாமல் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாளைக்குத் தான் கண்ணை மூடினால் தங்கை மகன் வில்வண்டியில் வந்து இறங்குவான் என்ற நினைப்பு வந்தது. அப்போது ஊரெல்லாம் புதுச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு. பெற்றவன் சொத்து பெற்ற பிள்ளைக்கே போகவேண்டும் என்று திருவனந்தபுரத்துக்கு மனு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பகவதியப்பன் சந்தைக்குப் போகிற வழியெல்லாம் கையெழுத்து வாங்கினான். நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் வாங்கினான். பேசத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவன், ஆலமரத்து மூட்டில் நின்று அரை மணி நேரம் பேசினான். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

அவன் பிள்ளைகளுக்காகத்தான் பேசினான். தன் பிள்ளைகள் சுவாதீனம் கொள்ளவேண்டிய சொத்து இன்னும் தன் கைக்கு வரவில்லை என்பதும், அது மருமகன் என்ற ஒரே காரணத்தால்தான் வரவேண்டும் என்பதும் அவன் புத்தியில் படவே இல்லை.

நூற்றுப் பதின்மூன்றாவது ஆளாக மாமாவிடமே போனான். முத்துநாயகம் பிள்ளை பழைய ஆள். மருமகனுக்கு உள்ளதைப் பிடுங்கி மகனுக்குக் கொடுப்பது பாவம் என்று கையெழுத்துப் போட மறுத்தார். பகவதியப்பன் விடவில்லை. நான்கு நாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் அப்பா செத்தபோது செம்புப் பானையோடு வந்ததைச் சொன்னான். ஐந்தாம் நாள் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசிவரை வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னான். சண்முகவடிவு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அப்போ மாமாக்க வயலு ஆருக்கு?"

பகவதியப்பன் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

சட்டம் வந்தது. வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து நடப்பு என்றார்கள். அதற்குப் பதினோரு நாள் இருக்கும்போது முத்துநாயகம் பிள்ளை காய்ச்சலில் விழுந்தார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மூன்று நாள் தாண்டுவது கஷ்டம் என்று பகவதியப்பனின் தோளைத் தட்டினார். எதற்குத் தட்டினார் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

மூன்று நாளில் போனால் பழைய வழக்கம். வயலும் கடையும் பகவதியப்பனுக்கு. பன்னிரண்டு நாள் கிடந்து போனால் புதுச் சட்டம், எல்லாம் பொன்னுலிங்கத்துக்கு. குடும்பப் பொதுச் சொத்தாக இருந்திருந்தாலாவது ஆளுக்கொரு பங்கு கிடைக்கும். மாமா கடும் உழைப்பாளியாகப் போய்விட்டார். எல்லாமே சொந்தச் சம்பாத்தியம்.

இந்தப் பதினோரு நாளும் மாமாவைப் பார்த்துக்கொண்டது யார்? மருமகன்தான். பார்க்கவேண்டியது அவன் முறை. பொன்னுலிங்கம் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா; லீவு கிடைக்கவில்லை. பகவதியப்பன் கஷாயத்தை எட்டுக்கு ஒன்றாகக் காய்ச்சி வற்றவைத்தான். அரைகுறையாக வற்றவைக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்குப் பயந்து மேலும் கால் மணி நேரம் காய்ச்சினான். கஷாயம் நன்றாகத் திரண்டு வந்தது. நான்காம் நாள் மாமாவுக்கு வேர்த்தது. ஆறாம் நாள் கஞ்சி கேட்டார்.

"இத்தற நல்லா பாக்கணுமா?" என்று சண்முகவடிவு கேட்டாள். பிறகு அவளே பயந்துபோய்த் தாலியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டாள். மாமாவிடம் நேரே கேட்டு, பெரிய வயலை மட்டுமாவது உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கும்படி சொல்லி அனுப்பினாள்.

பகவதியப்பன் கட்டிலருகே போய் நின்றான். வேட்டியின் முனையைத் திருகினான்.

"மாமா, பெரிய வயலக் கொண்டு ஒரு காரியம் சொல்லணும்."

"தண்ணி பாய்ச்சியாச்சாலே?"

"பாய்ச்சியாச்சு."

"பின்ன என்ன? இரி மக்கா. நான் உனக்கிட்ட ஒண்ணு சொல்லணும்." மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அண்ணைக்குச் சொன்னது எனக்க நெஞ்சுக்குள்ளயே கெடக்கு. எழுவது வயசு வரைக்கும் பொன்னுலிங்கத்த எனக்க பிள்ளையிண்ணு நெனச்சதில்லலே. உனக்க மாமிக்க பிள்ளையிண்ணு சும்மா இருந்துட்டேன். காய்ச்சலுல கெடக்கும்போ அவனுக்க மொகந்தான் வருது. நீ இல்லேண்ணா எனக்குக் கண்ணு தொறந்திருக்காது."

பகவதியப்பனுக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அவர் தலைமாட்டில் கடைசியாக நின்றதும் மருமகன்தான். மகனை வாசலில் விளையாட அனுப்பியிருந்தார்கள்.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றார் மாமா.

"வைத்தியரு கஷாயத்த இனி ஒருநேரம் தந்தா போரும்ணாரு."

வெளியே வந்ததும் மாமாவிடம் கேட்டானா என்று சண்முகவடிவு விசாரித்தாள். கேட்டதாகச் சொன்னான். என்ன சொன்னார் என்றாள்.

"எனக்க புத்தியப் புகழ்ந்தாரு."

சட்டம் நடப்புக்கு வந்த அன்று முத்துநாயகம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இரண்டு தோசை தின்றார். அதற்கப்புறமும் ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடமும் பகவதியப்பன் மடை பார்த்தான், குலை தட்டினான், களியக்காவிளைக்கு வண்டி கட்டினான். நிறுத்திவிடலாம்தான். மருமகனுக்குச் சொத்து கிடையாது என்று சட்டம் சொன்னதே ஒழிய, வேலை கிடையாது என்று சொல்லவில்லை. வேறு வேலை எதுவும் அவனுக்குத் தெரியவும் தெரியாது. தன் சொத்து முழுவதும் தன் பிள்ளைகளுக்கே சேரும் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. சொத்துதான் இல்லை.

மாமா செத்தபோது பொன்னுலிங்கம் கொள்ளி வைத்தான். தங்கமான பையன், அத்தானைக் கட்டிக்கொண்டு அழுதான். அடியந்திரம் முடிந்ததும், வயலின் எல்லை எனக்குத் தெரியாது, அத்தான்தான் காட்டித்தரவேண்டும் என்று கூப்பிட்டான்.

பகவதியப்பன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முன்னே நடந்தான். பொன்னுலிங்கம் ஷூவோடு பின்னே வந்தான். வடக்கே கல், கிழக்கே கால்வாய், தெற்கே பூவரசு என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். மேற்கு மூலையில் ஒரு துண்டு நிலம். அது யாருடையது என்று அடுத்த வயல்காரனுக்கே தெரியாது, பட்டயத்திலும் தெளிவில்லை. முத்துநாயகம் பிள்ளை அதை வாங்கியது மருமகனுக்கு மட்டும் தெரியும். அங்கே வந்ததும் பகவதியப்பன் கொஞ்ச நேரம் நின்றான்.

"இதும் நம்ம... உங்களுக்கதுதான்" என்றான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தான். நீங்க சொன்னாத்தான் உண்டு" என்றான் பொன்னுலிங்கம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். இருபத்தெட்டு வருடம் அத்தான் பட்ட கஷ்டம் போதும்; இனிமேல் ஓய்வெடுக்க வேண்டும். அதனால் வயலையும் கடையையும் தோவாளைக்காரர் ஒருவருக்குக் குத்தகை பேசிவிட்டேன், அவர் நாளைக்கே வருகிறார் என்றான். உண்மையாகவே அன்போடுதான் சொன்னான்.

பகவதியப்பன் தலையை ஆட்டினான். பக்கத்தில் மடை உடைந்து தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளினான்.

"அது கெடக்கட்டும் அத்தான். வாறவரு பாத்துக்கிடுவாரு."

பகவதியப்பன் நிமிர்ந்தான். கையில் உடைப்பை அடைக்கப் போதுமான சேறு இருந்தது. கீழே போடலாமென்று வலப்பக்கம் பார்த்தான். அது பொன்னுலிங்கத்தின் வயல். இடப்பக்கமும் பொன்னுலிங்கத்தின் வயல். தண்ணீர் அவன் கால்விரல்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. பொன்னுலிங்கம் ஷூவில் ஈரம் படாமல் வரப்பில் தாண்டித் தாண்டித் திரும்பிப் போனான்.