தையல்காரியின் மலைப் பயிற்சி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மலையேறப் போன என் தங்கையின் கதையைச் சொல்கிறேன்.

அவள் தையல்காரி. அவள் மகன் கல்லூரியை விட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் கிடந்த காலம் அது. மனம் சோர்ந்த இளம்பிள்ளைகளைக் கவனிக்கும் மையத்துக்கு நிதி திரட்டச் சிலர் மலையேறுகிறார்கள் என்று கேட்டதும், இவளும் பெயர் கொடுத்துவிட்டாள். மாடிப்படிக்கே மூச்சு வாங்குகிறவள்!

புது பூட்ஸ் மாட்டி, முதுகில் துணிமூட்டையோடு கூடத்தில் தொம் தொம்மென்று நடந்து பழகினாள். காலெல்லாம் கொப்புளம்.

ஒருநாள் காலை அந்தக் கதவு திறந்தது.

"ஏம்மா நொண்டுறே? ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறே, உன் காலுக்கு எடுக்கலியா?"

"போடப் போட இளகும்னு கடைக்காரர் சொன்னாருடா."

"அதுக்குள்ள உன் கால் தேஞ்சிடும். கழட்டு, மாத்திட்டு வரலாம்."

நிஜமாகவே வருகிறாயா என்று கேட்கப் பயந்து, மளமளவென்று பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டாள். அவனே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

பிறகு அவள் உச்சிவரை ஏறினாள், நிதியும் சேர்ந்தது. அவன் தேறிவர இன்னும் நாளாயிற்று. வருஷங்கள் ஓடிவிட்டன. மலையைப் பற்றி யார் கேட்டாலும், மகனோடு கடைக்கு நடந்த அந்தக் காலையைத்தான் இன்றும் சொல்வாள். "வெயில்கூட இதமா இருந்துச்சுக்கா" என்பாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மனம் குளிர்ந்து, வாய்விட்டுச் சிரித்து, நன்றாக இருக்கட்டும்.