மச்சானுக்குக் கொடுத்த திமிங்கலப் பல்

நர்ஸ் இனோக்கே சொன்ன எந்தப் புத்திமதியையும் விலிகேசா காதில் போட்டுக்கொண்டதில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஒருவன் மாமன் மகன், மற்றவன் அத்தை மகன். பிஜியின் புவாக் கரையில் மச்சானும் மச்சானும் பேசினால் அது கேலிதான். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, எதையும் நம்பவும் கூடாது. இப்படிப்பட்ட ஊரில் சொந்த மச்சானுக்கே வைத்தியம் சொல்ல வேண்டிய தலையெழுத்து இனோக்கேவுக்கு.

"சிலிண்டரக் கட்டிக்கிட்டு அவ்வளவு ஆழம் போகாத. போனாலும் சட்டுனு மேல வராத," என்றான் ஆஸ்பத்திரி வாசலில்.

"உன் ஊசிக்குப் பயந்துதான் மச்சான் கடலுக்கடியில ஒளிஞ்சுக்கிறேன்."

மருந்துக்கு வந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். இனோக்கேவும் சிரித்துத் தொலைத்தான்.

கரையோரத்துக் கடல் அட்டைகள் தீர்ந்துபோனதிலிருந்து விலிகேசாவுக்கு ஆழக்கடல்தான் பிழைப்பு. அட்டை முதலாளியின் படகு ஆட்களை ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறக்கியது.

அன்று மத்தியானம் கரையில் நடந்துவந்த விலிகேசாவுக்குப் பின்னால் மணலெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் கிளிஞ்சல் ஆழமாகக் குத்தி நின்றது. அவனோ பாட்டு முனகிக்கொண்டு வந்தான். இனோக்கேவுக்குப் புரிந்துவிட்டது: கால் மரத்திருக்கிறது. இன்னொரு முறை இறங்கினால் இவனைப் பிணமாகத்தான் தூக்கிவர வேண்டும். படகோ சாயங்காலம் கிளம்புகிறது.

"உன் காலப் பாருடா."

"ராத்திரி யங்கோனா வேர்ச்சாறு குடிச்சேன், காலு மரத்துப்போச்சு. நீ குடிச்சு மூளையே மரத்துப்போச்சே, நான் ஏதாவது கேட்டேனா?"

இனி வெறும் வாய் உதவாது. இனோக்கே நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய்த் திமிங்கலப் பல்லைக் கேட்டான். பெண் கேட்கவும், கொலைப்பழிக்கு மன்னிப்புக் கேட்கவும் வெளியே வருகிற பல் அது. அதை வாங்கிக்கொண்டவன் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். பெரியப்பா காரணத்தைக் கேட்டார். பிறகு எடுத்துக் கொடுத்தார். எத்தனை தலைமுறைக் கை பட்டதோ, எண்ணெய் ஏறிப் பழுத்திருந்தது. இனோக்கே அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தான்.

விலிகேசா வீட்டுப் பாயில் மண்டியிட்டான்.

"என்ன மச்சான், என்னையே பொண்ணு கேக்க வந்தியா?" என்று தொடங்கிய விலிகேசா பல்லைப் பார்த்ததும் அடங்கிப்போனான். அவன் மனைவி லூசியானா கையிலிருந்த மரவள்ளிக் கிழங்கைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டோட பெரியவங்களே," என்றான் இனோக்கே, சடங்கு முறைப்படி. குரல் அவனுக்கே அந்நியமாக ஒலித்தது. "கீழ போகப் போகக் கடல் ஆளை அமுக்கும். மூச்சுல இழுக்கிற காத்து ரத்தத்துல கரையும். அவசரமா மேல வந்தா, மூடி திறந்த சோடா மாதிரி பொங்கும். தண்டுவடத்துல குமிழி அடைச்சா காலு போகும், அப்புறம் ஆளே போயிடும். இந்தப் பல்லக் கொடுத்து இவன் உசிரக் கேக்கிறேன். இனிமே இவன் சிலிண்டரோட இறங்கக் கூடாது. இன்னிக்கே என்னோட சுவா பெரியாஸ்பத்திரிக்குக் கப்பல்ல வரணும். அங்க அழுத்த அறையில வெச்சு வைத்தியம் பண்ணுவாங்க."

வெளியே படகின் இஞ்சின் உறுமியது. யாரோ விலிகேசாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. பிறகு இரு கைகளாலும் பல்லை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான். லூசியானா அழுதுகொண்டே, ஏற்றுக்கொண்டதற்கு மரியாதையாக உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினாள். ஊரையே சிரிக்கவைத்த வாயாடி கைக்குழந்தையைப் போல அந்தப் பல்லை நெஞ்சோடு வைத்திருந்ததை இனோக்கே பிரமித்துப் பார்த்தான்.

"காலு மரத்து ஒரு வாரமாச்சு," என்றான் விலிகேசா. "அதைச் சொல்லத்தான் தினம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்."

"ஏண்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ சிரிச்சிருப்ப."

சிரித்துத்தான் இருப்பான். இனோக்கே குனிந்து அவனை முதுகில் ஏற்றிக்கொண்டான்.