எட்டுப் பேருக்கு ஏழு ஸ்டூல்

ஏப்ரல் மாதத்தின் கடைசி வியாழன். காலை ஏழே காலுக்கு ரூத்தேனின் கடைக்குள் நுழைந்தபோது என் ஸ்டூலுக்கு முன்னால் பியர் இல்லை. ஒரு சுருள் வெள்ளை டேப்பும் கறுப்பு மார்க்கரும் இருந்தன.

"பேரை எழுது வெஸ். அப்புறம்தான் ஊத்துவேன்," என்றாள் ரூத்தேன்.

இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்காக அவள் காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்துவிடுவாள். டி.வி.க்கு நேராக, முதுகு வைத்த ஏழு ஸ்டூல்கள். நாங்கள் எட்டுப் பேர். எப்போதும் ஒருவர் நின்றாக வேண்டும். யார் நிற்பது என்பதை டிராஃப்ட் தீர்மானிக்கும். கல்லூரியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடி முடித்த பையன்களை அணிகள் வரிசைப்படி பொறுக்குகிற நாள் அது. மற்ற எல்லோரையும்விட மோசமாகத் தோற்றவர்களுக்கு முதல் வாய்ப்பு. எங்கள் அணி பதினேழு ஆட்டங்களில் இரண்டில் ஜெயித்திருந்தது. முதல் ஆள் எங்களுக்கு.

வருஷத்துக்கு ஒருவர் கையில் மார்க்கர் வரும். அணி யாரை எடுக்கும் என்று எழுதித் தன் ஸ்டூலின் முதுகில் ஒட்ட வேண்டும். சரியாக இருந்தால் உட்கார்ந்தபடியே இருக்கலாம். தப்பானால் அடுத்த டிராஃப்ட் வரை நிற்க வேண்டும். அதுவரை நின்றவருக்கு அந்த ஸ்டூல் போய்விடும். டேப்பைக் கிழிக்கவும் கூடாது.

போன வருஷம் தப்பாக எழுதியவர் டெல்மர். அறுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் போனவர். கழிப்பறைக் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"என்ன யோசனை?" என்றார். "ஜனவரியிலேர்ந்து துவாலா துவாலான்னு எங்க காதை அறுத்தியே. எழுது."

நான் கத்தியது உண்மைதான். எஸெக்கியல் துவாலா முந்நூற்று இருபது பவுண்டு. பந்தை எறிகிறவனுக்கு இடது பக்கம் நின்று, பாய்ந்து வருகிறவர்களைத் தடுப்பது அவன் வேலை. தூங்க வேண்டிய பகல்களில் அவன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எதிராளியை முதலில் கையால் தொட மாட்டான். காலை வைப்பான். அதற்குள் எதிராளிக்குப் போக வழி இருக்காது. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அவனைத் தாண்டி ஒருவன் போனான், அதுவும் மழையில்.

இன்னொருவன் கோல்டன் ரிஸ்டர். பந்தை எறிகிறவன். எழுபது கெஜம் எறிவான், விளம்பரத்தில் வருகிற மாதிரி சிரிப்பான். ஊர் முழுக்க அவன் பெயர்தான். ஒன்பது வருஷத்தில் இப்படி நான்கு பேரை எடுத்தோம். நான்கு பேரையும் தடுக்க ஆளில்லாமல் தரையில் போட்டு நசுக்கினார்கள். ஒருவனுக்குத் தோள் போனது. ஒருவன் இப்போது எங்கோ கார் விற்கிறான். ஐந்தாவதாக ஒருவனை எடுத்து அதே பள்ளத்தில் தள்ளுவது மடத்தனம். ஆனால் எங்கள் அணி முதலாளி மடத்தனம் செய்யத் தவறியதே இல்லை.

இதுதான் சிக்கல். யாரை எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டேப் கேட்பது அதையல்ல.

"டெல்மர் ஏன் இவ்வளவு ஆசையா துவாலாவை எழுதச் சொல்றார் தெரியுமா?" என்றாள் நீனா. ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். என் பக்கத்து ஸ்டூல். "நீ தோத்தாதான் அவர் உக்கார முடியும்."

"அடி போடி. நான் அவன் நல்லதுக்குச் சொல்றேன்."

"உங்க முட்டியோட நல்லதுக்குச் சொல்றீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்று டெல்மர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நிற்கிறவர் பேச்சு பாதி யார் காதிலும் விழாது. அவருக்கு நாங்கள் முதுகைத்தான் காட்டியிருப்போம். ஜனவரியில் டெல்மர் ஒரு வாரம் வரவில்லை. மூன்றாவது நாள்தான் எங்களில் யாரோ கவனித்தார்கள். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் வகுப்புக்குப் போவதை நிறுத்தியபோது, அங்கிருந்து முதல் கடிதம் வர மூன்று மாதம் ஆனது. ஆனால் இந்த ஸ்டூல் கிடைத்த பிறகு, நான் அரை மணி தாமதமானால் ரூத்தேன் நான் வேலை பார்க்கும் ஆலைக்கே போன் போட்டுவிடுவாள். என்னை அப்படித் தேட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

எட்டு மணி. எட்டரை. மார்க்கர் மூடியைத் திறந்தேன், மூடினேன். வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் அதற்குள் ரிஸ்டர் பெயர் போட்ட சட்டையை மாட்டியிருந்தாள். உள்ளே வந்தேன்.

"பியர் சூடாயிடும்," என்றாள் ரூத்தேன்.

"இன்னும் ஊத்தவே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்."

டெல்மரைப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டிருந்தார். "தைரியம் இருந்தா நம்புறதை எழுதுடா," என்றார். அதைக் கேட்டதும் முடிவு செய்துவிட்டேன். ரிஸ்டர் என்று எழுதி ஒட்டினேன்.

எல்லோரும் டேப்பை எட்டிப் பார்த்தார்கள்.

"நாலு மாசம்," என்றாள் நீனா. "நாலு மாசம் எங்க உயிரை எடுத்துட்டு."

"நம்பறது வேற, நடக்கறது வேற," என்றேன்.

டெல்மர் சுவரில் சாய்ந்துகொண்டார். ரூத்தேன் ஊற்றினாள். பியர் கசந்தது.

பகலில் தூக்கம் வரவில்லை. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு ரிஸ்டரின் பழைய ஆட்டங்களை போனில் ஓட்டினேன். அவனை எனக்குப் பிடிக்க வேண்டும் என்று முயன்றேன். மூன்றாவது ஆட்டத்தில் அவனை ஏழு முறை கீழே தள்ளினார்கள். ஏழு முறையும் எழுந்தான். நிறுத்திவிட்டு மறுபடி துவாலாவைப் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் ரிஸ்டரைப் பிடிக்கவில்லை.

மாலை ஏழரைக்கு எல்லோரும் கடையில் இருந்தோம். பத்துக்குத்தான் எனக்கு ஷிப்ட். டி.வி.யில் மேடை, விளக்கு, கோட்டு போட்ட பையன்கள், அழத் தயாராக அம்மாக்கள். எட்டே காலுக்கு லீக்கின் தலைவர் சீட்டோடு மைக் முன்னால் வந்தார். எங்கள் அணியின் பெயரைச் சொன்னார். கூட்டம் ஊளையிட்டது. காத்திருந்தார்.

"எஸெக்கியல் துவாலா."

நான் குதித்துவிட்டேன். இரண்டு கையையும் கூரைக்குத் தூக்கி, தொண்டை கிழிய ஒரு சத்தம். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக இந்த அணி புத்தியோடு ஒரு காரியம் செய்திருக்கிறது. கடையில் மற்ற எல்லோரும் தலையில் கை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே கையோடு நான் மட்டும்.

நீனா என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீ எதுக்குடா குதிக்கிற?"

அப்போதுதான் உறைத்தது. திரும்பினேன். டெல்மர் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது காலை மெதுவாக நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் என் கையெழுத்தில் ரிஸ்டர்.

"நான் சொன்னேன்ல," என்றார். "நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"அவங்க எடுப்பாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? நீதானே ஆட்டமெல்லாம் பார்த்தவன்."

கிளாஸை எடுத்துக்கொண்டு கழிப்பறைக் கதவோரம் போனேன். சுவரில் தோள் உயரத்தில் ஒரு அழுக்குத் தடம் இருந்தது, டெல்மர் சாய்ந்து சாய்ந்து வந்தது. நான் அவரைவிட உயரம். எனக்கு அது பொருந்தவில்லை. டி.வி.யில் துவாலா அம்மாவைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அவன் மார்புக்குள் காணாமல் போயிருந்தாள். முன்னால் ஏழு முதுகுகள்.

"பத்து வருஷம் அந்தப் பக்கம் ஒருத்தனும் போக முடியாது," என்றேன்.

யாரும் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். காலையில் சொல்லியிருக்கலாம்.