பிற்பகலின் அபார ஞாபகம்

உளவியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் அவள் ஓர் ஆய்வறிக்கை தரவேண்டியிருந்தது. அது தேறினால்தான் இரண்டாண்டு முதுநிலைக்கு இடம். அதன்பின் மருத்துவமனையில் ஒருவர் மேற்பார்வையில் பயிற்சி. அப்புறம்தான் ஆலோசகர் வேலை.

"இத்தனை வருஷம் படிச்சுத்தான் அடுத்தவங்க மனசு தெரியணுமா? அம்மாவுக்குப் படிக்காமலே தெரியுதே" என்று அண்ணன் சீண்டுவான்.

"அம்மா படிச்சது உன் மனசை. அதுல படிக்க என்ன இருக்கு?"

பாட்டு ஒலிக்கும்போது படித்தால் மனத்தில் நிற்குமா என்பதே அவள் கேள்வி. இருபது சொற்களை ஒரு நிமிடம் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். காலையில் பாட்டில்லாமல் பதினைந்து பேர். ஒன்பது, பத்துச் சொற்கள் சொன்னார்கள். பிற்பகலில் பாட்டோடு படித்தவர்களோ பதினெட்டு, பத்தொன்பது!

முதலில் துள்ளிக் குதித்தாள். பிறகு, ஏன் என்று குடைந்தது. வயதைப் பார்த்தாள், வெளிச்சத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியாக வந்த ரொட்டிக்கடை அக்கா உட்கார்ந்ததுமே, "குடை, சாவி, ஏணி..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் இன்னும் பட்டியலையே காட்டலையே!"

"வெளியே பெஞ்சுல இருக்கிற ஆபீஸ் அண்ணன் சொல்லிக் குடுத்தாரே?"

வெளியே பெஞ்சில் பிற்பகல் பணியிலிருந்த துறை உதவியாளர் தலையைச் சொறிந்தார். "பரீட்சைன்னு பயந்து வராங்கம்மா. ஒருத்தருக்குக் கையே நடுங்குச்சு. நகல் எடுத்தது நான்தானே, நாலு சொல் சொல்லி வெச்சேன்."

"நாலா? இருபதும் சொல்லியிருக்கீங்க அண்ணே!"

கோபிக்க முயன்றாள், சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பிற்பகல் தாள்கள் பதினைந்தும் வீண். அறிக்கைக்கு நான்கே நாள். வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது, ஆண்டவனைத் தவிர. அந்த ஒருவருக்குத் தெரிவது போதாதா?

பேராசிரியையிடம் போனாள். "காத்திருந்தவங்களை நான் கவனிக்கலை மேடம். சொற்கள் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. என் தப்பு." வேறு யாரையும் சொல்லவில்லை.

"புதுப் பட்டியல், புதுசா பதினஞ்சு பேர். வெள்ளிக்கிழமைக்கு மேல ஒரு நாள்கூடத் தரமாட்டேன்."

மறுநாள் பிற்பகல் உதவியாளர் ஒரு படையோடு வந்தார்: மச்சான், முடிதிருத்துபவர், பேருந்து நிலையத்து ஆட்கள். "நகலை நீயே எடும்மா. என் கண்ணுல காட்டாதே" என்றார். பெஞ்சில் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்து, "இது பரீட்சை இல்லப்பா. தெரிஞ்சதைச் சொல்லு, போதும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எட்டு, பத்து, ஒன்பது என்று வந்தன. பாட்டு எதையும் மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கையைப் புரட்டிய பேராசிரியை, "பாட்டால பலனில்லைன்னு முடிச்சிருக்கே. ஏமாத்தமா இருக்கா?" என்றார்.

"இல்ல மேடம். இந்தத் தடவை ஒருத்தர் கையும் நடுங்கலை. வெளியே ஒரு டம்ளர் தண்ணியும் ஒரு ஆறுதல் வார்த்தையும்தான் கிடைச்சுது. அது உள்ளே என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும்."

பேராசிரியை கையெழுத்திட்டார். "அது பெரிய கேள்வி. முதுநிலையில ரெண்டு வருஷம் இருக்கே, அங்க பாரு."